பத்து நாள் விபாசனா முகாம்: முதன்முறை போகிறவர்களுக்கு

விபாசனா என்ற, புத்தர் வழிவந்த தியான முறையைக் கற்றுத்தரும் முகாமுக்குப் போக நினைப்பவர்கள் என்னிடம் கேட்கும் முதல் கேள்வி, "பத்து நாள் பேசாம இருக்க முடியுமா?" என்பதுதான். முடியும். மௌனம் பெரும்பாலானவர்களுக்குச் சீக்கிரமே பழகிவிடுகிறது. ஆளை அலைக்கழிப்பது வேறு: அரைகுறையாகச் சொல்லிவிட்டு வந்த லீவு, வீட்டில் யாரிடமும் ஒப்படைக்காத ஒரு பொறுப்பு, படிவத்தில் எழுதாமல் விட்ட ஒரு மாத்திரை, தரையில் உட்கார்ந்து பழகாத முழங்கால். இடம் கிடைப்பதிலிருந்து கடைசி நாள்வரை எனக்கும் எல்லாமே இழுபறியாகத்தான் நடந்தது. வெளியே முடிக்க வேண்டியதை வெளியிலேயே முடித்துவிட்டுப் போனால்தான் உள்ளே தியானத்துக்கென்று மனம் மிஞ்சும். அதனால்தான் இந்தக் கட்டுரையில் பாதி, கண்ணை மூடுவதற்கு முன்னால் செய்ய வேண்டிய வேலைகளைப் பற்றியது.

நான் சொல்வது விபாசனா ஆசிரியர் எஸ்.என். கோயங்கா கற்றுத்தந்த முறையில் நடக்கும் பத்து நாள் முகாம்களை. சென்னையில் திருமுடிவாக்கத்தில் உள்ள தம்ம சேது, திண்டுக்கல் மாவட்டம் காந்திகிராமம் பக்கம் உள்ள தம்ம மதுரா, திருவண்ணாமலையில் உள்ள தம்ம அருணாசலா ஆகியவை தமிழ்நாட்டில் உள்ள சில மையங்கள். மகாராஷ்டிரத்தில் இகத்புரியில் இருக்கும் தம்ம கிரி உட்பட எங்கே போனாலும் பாடமும் கால அட்டவணையும் ஒன்றுதான். அதனால் உங்கள் ஊருக்கு எது பக்கமோ அதையே பாருங்கள்.

1. முதலில் லீவைச் சரிசெய்யுங்கள்

பத்து நாள் என்பது பெயர்தான். போய்ச் சேரும் நாள் கணக்கில் வராது. பத்து முழு நாள் முடிந்து, பதினொன்றாம் நாள் காலையில்தான் வெளியே விடுவார்கள். ஆக, காலண்டரில் பன்னிரண்டு தேதிகள் போகும். திரும்பி வந்த மறுநாளும் வீட்டில் இருக்கும்படி லீவு எடுங்கள். பத்து நாள் அமைதிக்குப் பிறகு அன்று மதியமே மீட்டிங்கில் உட்காருவது உடம்புக்கும் மனசுக்கும் நல்லதல்ல.

"அவசரம்னா ஒரு மெயில் மட்டும் பார்த்துக்கிறேன்" என்று அலுவலகத்தில் சொல்லிவிட்டுப் போகாதீர்கள். போன் உங்கள் கையில் இருக்காது. இஎம்ஐ, மின் கட்டணம், பிள்ளைகளின் பள்ளிக் கட்டணம் என்று அந்தத் தேதிகளுக்குள் வருவதையெல்லாம் முன்னாலேயே கட்டிவிடுங்கள், அல்லது ஒருவரிடம் ஒப்படையுங்கள். சின்ன விஷயம் போலத் தெரியும். ஆனால் கட்டாமல் விட்ட ஒரு பில் இரவு இரண்டு மணிக்குப் பூதாகரமாக எழுந்து நிற்கும். எழுந்து போய்க் கட்டவும் வழியிருக்காது.

2. விண்ணப்பம்

தம்மா டாட் ஆர்க் தளத்தில் மையத்தைத் தேர்ந்தெடுத்தால் ஆண்டு முழுவதற்குமான முகாம் தேதிகள் வரும். ஆண்களுக்கும் பெண்களுக்கும் இடங்கள் தனித்தனி. புதியவர், பழைய மாணவர் (ஏற்கெனவே ஒரு பத்து நாள் முகாமை முடித்தவர்) என்றும் பிரித்திருப்பார்கள். கணவனும் மனைவியும் ஒரே நாளில் விண்ணப்பித்தாலும் ஒருவருக்கு இடம் கிடைத்து, மற்றவர் காத்திருப்புப் பட்டியலில் நிற்கலாம். சேர்ந்தேதான் போவோம் என்று பிடிவாதம் பிடிக்க வேண்டாம். சேர்ந்து போனாலும் உள்ளே பார்த்துக்கொள்ளப் போவதில்லை. பிள்ளைகள் இருக்கிற வீட்டில் ஒருவர் பின் ஒருவராகப் போவதுதான் சௌகரியம்.

கோடை விடுமுறை, டிசம்பர் கடைசி மாதிரியான நாட்களுக்கு இடம் வேகமாக நிரம்பிவிடும். இரண்டு மூன்று மாதம் முன்னாலேயே பதிவு செய்யுங்கள். காத்திருப்புப் பட்டியல் என்று வந்தால் சோர்ந்துபோக வேண்டாம். தேதி நெருங்க நெருங்கப் பலர் விலகுவார்கள், பட்டியல் நகரும்.

பதிவு ஏற்கப்பட்ட பிறகும் ஒரு வேலை பாக்கி இருக்கிறது. முகாமுக்கு முன்பு, வருவதை உறுதிப்படுத்தச் சொல்லி மின்னஞ்சலோ குறுஞ்செய்தியோ அனுப்புவார்கள். அதற்குப் பதில் போகாவிட்டால் உங்கள் இடம் அடுத்தவருக்குப் போய்விடும். அந்த மின்னஞ்சல் பல நேரம் ஸ்பாம் பெட்டியில் கிடக்கும். தினமும் ஒருமுறை அங்கேயும் பாருங்கள். போக முடியாது என்று தெரிந்தால் உடனே ரத்து செய்துவிடுங்கள். அந்த இடத்துக்காக யாரோ ஒருவர் லீவு போட்டுவிட்டுக் காத்திருப்பார்.

படிவத்தில் மொழி கேட்பார்கள். தினமும் மாலையில் போடும் பதிவு செய்த உரையை எந்த மொழியில் கேட்கப்போகிறீர்கள் என்பதற்காகத்தான் அது. தமிழ் என்று போடத் தயங்க வேண்டாம். ஆங்கிலம் நன்றாகத் தெரிந்தாலும், நாள் முழுக்க உட்கார்ந்து களைத்த பிறகு கேட்பதற்குத் தாய்மொழிதான் இதம்.

3. உடல்நலக் கேள்விகளுக்கு உண்மையை எழுதுங்கள்

எல்லாவற்றையும்விட முக்கியமானது இதுதான். படிவத்தில் உடல் நோய், மனநலச் சிகிச்சை, இப்போது சாப்பிடும் மருந்து, போதைப் பழக்கம், வேறு தியானப் பயிற்சி என்று எல்லாம் கேட்டிருப்பார்கள். "எழுதினா எடுக்க மாட்டாங்க" என்று ஒரு பேச்சு உண்டு. அதைக் கேட்டு மறைப்பவர்கள் உள்ளே போய்த்தான் அவதிப்படுகிறார்கள்.

ஒரு நாளைக்குப் பத்து மணி நேரத்துக்கு மேல், பேச்சுத்துணை இல்லாமல், மனத்தை மட்டுமே பார்த்துக்கொண்டு உட்காரும் பயிற்சி இது. தீவிர மனச்சோர்வு, இருமுனைக் கோளாறு, மனச்சிதைவு போன்றவை இருப்பவர்களுக்கு இது நிலைமையை மோசமாக்கலாம். மருத்துவத்துக்கு மாற்று இது அல்ல என்று மையங்களே தெளிவாகச் சொல்கின்றன. சிகிச்சையில் இருந்தால் முதலில் உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள், அவர் சொன்னதைப் படிவத்தில் எழுதுங்கள். முகாமுக்காக மாத்திரையை நீங்களாக நிறுத்தவே கூடாது. அண்மையில் பெரிய இழப்பையோ அதிர்ச்சியையோ சந்தித்திருந்தால் இந்த முறையை ஒத்திவையுங்கள். அடுத்த மாதமும் முகாம் உண்டு.

சர்க்கரை நோயாளிகளுக்கு ஒரு வார்த்தை. அங்கே இரவு உணவு கிடையாது. இன்சுலின் போடுபவர்களும் மாத்திரை எடுப்பவர்களும் அந்த இடைவெளியை எப்படிச் சமாளிப்பது என்று மருத்துவரிடம் கேட்டு, மையத்துக்கும் முன்கூட்டியே எழுதிவிடுங்கள். கர்ப்பிணிகளும் விண்ணப்பிக்கும்போதே தெரிவிக்க வேண்டும். முழங்கால், இடுப்பு வலி இருப்பவர்கள் நாற்காலி வேண்டும் என்று எழுதலாம். நாற்காலியில் உட்கார்ந்தால் தியானம் குறைந்துபோகாது.

4. ஆவணங்களும் செலவும்

இடம் உறுதியானதாக வந்த கடிதத்தை முழுக்கப் படியுங்கள். என்ன கொண்டுவர வேண்டும், எத்தனை மணிக்குள் வர வேண்டும் என்பதெல்லாம் அதில் இருக்கும். பொதுவாக இவை கையில் இருக்கட்டும்: ஆதார் அல்லது வேறு புகைப்பட அடையாள அட்டை, அசலும் ஒரு ஜெராக்ஸும், உறுதிக் கடிதத்தின் பிரதி, மருந்து சாப்பிடுபவர்களுக்கு டாக்டர் சீட்டு. வெளிநாட்டுக் குடியுரிமை உள்ளவர்கள் பாஸ்போர்ட், விசாவின் நகல்களையும் வைத்துக்கொள்ள வேண்டும். அவசரத்துக்கு அழைக்க வேண்டியவரின் எண்ணைக் காகிதத்தில் எழுதி வையுங்கள். போனை ஒப்படைத்த பிறகு எண் ஞாபகம் வராது.

கட்டணம் எதுவும் இல்லை. தங்குமிடம், சாப்பாடு, பயிற்சி எல்லாமே முன்பு பயிற்சி முடித்தவர்கள் கொடுத்த நன்கொடையில் நடக்கிறது. ஒரு பத்து நாள் முகாமையாவது முடித்தவரிடமிருந்துதான் நன்கொடையே வாங்குவார்கள். நீங்கள் முன்னதாகக் கொடுக்க நினைத்தாலும் வாங்க மாட்டார்கள். ஆகவே இந்த மரபின் பெயரைச் சொல்லி யாராவது முன்பணம் கேட்டால், அது இந்த முகாம் இல்லை என்று தெரிந்துகொள்ளுங்கள்.

உங்கள் கையிலிருந்து போவது பயணச் செலவும் சில சாமான்களும்தான். தினக்கூலிக்கோ சொந்தத் தொழிலுக்கோ போகிறவர்களுக்குப் பன்னிரண்டு நாள் வருமானம் நிற்கும். உண்மையான செலவு அதுதான், வீட்டில் உட்கார்ந்து அதைக் கணக்குப் போட்டுவிட்டுக் கிளம்புங்கள்.

5. பையில் என்ன வைப்பது

தளர்வான, உடம்பை மூடுகிற பருத்தி உடைகள். கையில்லாத மேல்சட்டை, அரைக்கால் சட்டை, ஒட்டிப் பிடிக்கிற லெக்கிங்ஸ் கூடாது. போர்வை, படுக்கை விரிப்பு, துண்டு, வாசனை இல்லாத சோப்பு, கொசு விரட்டி, டார்ச், குடை, தண்ணீர் பாட்டில். சத்தம் போடாத, எளிதில் கழற்றி மாட்டக்கூடிய செருப்பு. உங்கள் மருந்துகள் பன்னிரண்டு நாளுக்கும் ஓரிரு நாள் கூடுதலாகவும். சில மையங்களில் துணி வெளுக்க ஏற்பாடு உண்டு. அதை நம்பாமல் வாளியில் நீங்களே அலசும்படியான துணிகளாக எடுங்கள்.

போன்தான் அலாரம் என்று பழகிவிட்டவர்கள் ஒரு சின்ன அலாரக் கடிகாரம் வாங்கிக்கொள்ளுங்கள். மணி அடிப்பார்கள், ஆனாலும் அறையில் நேரம் தெரிவது பெரிய நிம்மதி.

புத்தகம், நோட்டு, பேனா, ஜபமாலை, சாமி படம், பிஸ்கட் பொட்டலம் எல்லாம் வீட்டிலேயே இருக்கட்டும். நோட்டுப் புத்தகம் விஷயத்தில்தான் பலர் வாதாடுகிறார்கள். எழுத ஆரம்பித்தால் மனம் அனுபவத்தை விட்டுவிட்டு வாக்கியம் தேட ஆரம்பிக்கும். எழுதிப் பிழைப்பவர்கள் இதை நன்றாகவே அறிவார்கள்.

6. போய்ச் சேரும் நாள்

கடிதத்தில் சொன்ன நேரத்துக்கு, பொதுவாக மதியத்துக்கு மேல், போய்விடுங்கள். தம்ம சேதுவுக்குப் பல்லாவரத்திலிருந்தோ தாம்பரத்திலிருந்தோ ஆட்டோ பிடிக்கலாம். திருநீர்மலை, பழந்தண்டலம் பக்கம் என்று சொன்னால் ஓட்டுநர்களுக்குத் தெரியும். பதிவு முடிந்ததும் போனையும் விலையுயர்ந்த பொருள்களையும் வாங்கி வைத்துக்கொள்வார்கள். அதற்கு முன் வீட்டுக்கு ஒரு போன் போட்டு, மையத்தின் அலுவலக எண்ணைக் கொடுத்து, உயிர்போகிற அவசரத்துக்கு மட்டும் கூப்பிடச் சொல்லுங்கள்.

மாலையில் எளிய உணவு, விதிமுறைகள், பிறகு மௌனம் தொடங்கும். ஐந்து சீலங்களை ஏற்கச் சொல்வார்கள்: கொல்லாமை, திருடாமை, பிரம்மச்சரியம், பொய் பேசாமை, போதை தவிர்த்தல். பாலி மொழியில் சில வரிகளைத் திருப்பிச் சொல்ல வேண்டியிருக்கும். அதில் புத்தரிடம் சரணடைவதும் வரும். மதம் மாற்றும் சடங்கு அல்ல, புத்தரிடம் இருந்த குணங்களை நாடுவது என்று விளக்குவார்கள். எல்லா மதத்தவரும் வந்து உட்காருகிறார்கள். இருந்தாலும் இது உங்களுக்கு உறுத்தும் என்றால் அங்கே போய்த் தடுமாறுவதைவிட, விண்ணப்பிக்கும் முன்பே விதிமுறைகளைப் படித்துவிட்டு முடிவெடுங்கள்.

7. ஒரு நாள் எப்படிப் போகும்

காலை 4 மணிக்கு மணி அடிக்கும். 4.30 முதல் 6.30 வரை தியானம், பிறகு காலை உணவு. 8 முதல் 9 வரை கூட்டுத் தியானம், அதன்பின் 11 வரை மறுபடி தியானம். 11 மணிக்கு மதிய உணவு. 1 மணியிலிருந்து மாலை 5 வரை தியானம், நடுவில் 2.30 முதல் 3.30 வரை கூட்டாக. 5 மணிக்குத் தேநீர். 6 முதல் 7 வரை மறுபடி கூட்டுத் தியானம், 7 மணிக்குக் கோயங்காவின் பதிவு செய்த உரை, அதற்குப் பின் கொஞ்ச நேரம் தியானம். இரவு 9.30க்கு விளக்கணைப்பு.

மாலை 5 மணிக்குப் புதியவர்களுக்குத் தேநீரோடு கொஞ்சம் பொரியும் பழமும் கிடைக்கும். பழைய மாணவர்களுக்கு எலுமிச்சைச் சாறு மட்டும்தான். இரவுச் சாப்பாடு இல்லையே என்று மதியம் தட்டை நிரப்புவதுதான் எல்லோரும் விழும் பள்ளம். 1 மணிக்கு உட்கார்ந்தால் தூக்கம் அடித்துப்போடும். முக்கால் வயிறு போதும். ஓரிரு நாளில் உடம்பு அந்தக் கணக்குக்கு வந்துவிடும். போவதற்கு ஒரு வாரம் முன்பிருந்தே இரவு உணவைக் குறைத்து, காபியைக் குறைத்து, அதிகாலையில் எழுந்து பழகினால் முதல் இரண்டு நாள் தலைவலி மிச்சம்.

8. முதல் மூன்று நாள்: மூச்சு

முதல் மூன்றரை நாள் கற்றுத்தருவது ஆனாபானா. இயல்பாக வந்துபோகும் மூச்சை மூக்குவாசலில் கவனிப்பது, அவ்வளவுதான். மூச்சை இழுத்துப் பிடிப்பதோ எண்ணுவதோ மந்திரத்தோடு சேர்ப்பதோ கிடையாது. பிராணாயாமம் செய்து பழகியவர்கள் இந்த இடத்தில்தான் தடுமாறுகிறார்கள். கை தானாகவே மூச்சைச் சீர்படுத்தப் போகும். இடது நாசியில் வந்தால் இடது, ஆழமாக வந்தால் ஆழம். அறிவது மட்டுமே வேலை.

பிறகு கவனிக்கும் இடத்தைச் சுருக்கிக்கொண்டே வருவார்கள். நாசித் துவாரத்துக்குக் கீழே, மேலுதட்டுக்கு மேலே உள்ள சின்னப் பகுதிக்கு மனம் வந்து சேர வேண்டும். தொடக்கத்தில் அங்கே ஒன்றுமே தெரியாது. மீசை முளைக்கும் இடம் மரத்துப்போனது போல இருக்கும். அப்புறம் ஒரு கட்டத்தில் உள்ளே போகும் காற்றின் குளிர்ச்சியும் வெளியே வரும் காற்றின் வெதுவெதுப்பும் தனித்தனியே தெரியும். அதன் பிறகு மூச்சு படாத நேரத்திலும் அங்கே ஒரு அரிப்போ, துடிப்போ, லேசான சூடோ இருந்துகொண்டே இருப்பது தெரியவரும். அந்தக் கூர்மைக்காகத்தான் மூன்று நாளும்.

மனம் ஓடும். பத்தாம் வகுப்பில் உங்களை அடித்த வாத்தியார் வருவார், எங்கோ கேட்ட பாட்டு நாள் முழுக்க ஓடும். ஓடியது தெரிந்ததும் கோபப்படாமல் மூச்சுக்குத் திரும்புங்கள். எத்தனை முறை ஓடியது என்பது கணக்கில்லை, திரும்பி வருவதுதான் பயிற்சி. "எனக்கு மட்டும் வரவில்லை" என்று பக்கத்தில் சிலை போல உட்கார்ந்திருப்பவரைப் பார்த்து முடிவுகட்டாதீர்கள். அவர் மனத்தில் என்ன ஓடுகிறது என்பது அவருக்குத்தான் தெரியும்.

9. நான்காம் நாள் முதல்: உடம்பு

நான்காம் நாள் மதியம் விபாசனா தொடங்கும். தலை உச்சியிலிருந்து கால்விரல் வரை ஒவ்வொரு பகுதியாக மனத்தைக் கொண்டுபோய் அங்கே என்ன உணர்ச்சி இருக்கிறதோ அதை அறிவது: வலி, சூடு, கனம், நமைச்சல், வேர்வை, துணி உரசுவது, எதுவானாலும் சரி. அறிவதோடு இன்னொன்றும் சேரும். நல்ல உணர்ச்சியைப் பிடித்துக்கொள்ளாமலும் கெட்டதைத் தள்ளாமலும் இருப்பது. எல்லாம் தோன்றி மறைபவை என்பதைப் புத்தகத்தில் படித்ததாக இல்லாமல் சொந்த உடம்பிலேயே பார்ப்பதுதான் இந்தப் பயிற்சியின் உயிர்.

அடுத்து அதிட்டானம் வரும். மூன்று கூட்டுத் தியானங்களிலும் ஒரு மணி நேரம் கண் திறக்காமல், கைகால் மாற்றாமல் உட்கார முயல வேண்டும். இருபது நிமிடத்தில் எனக்கு வலது முழங்காலில் ஒரு முடிச்சு விழும். ஒரே திரளாக இருந்த அந்த வலியைக் கிட்டே போய்ப் பார்த்தபோது, நடுவில் எரிச்சல், ஓரத்தில் துடிப்பு, மேலே தொடைவரை இழுப்பு என்று அது பிரிந்தது. பிரிந்தவை ஒவ்வொன்றும் நிமிடத்துக்கு நிமிடம் மாறின. "ஐயோ, இன்னும் எவ்வளவு நேரம்" என்ற எண்ணம் எழும்போதெல்லாம் வலி இரட்டிப்பானது. அந்த எண்ணம் அடங்கியபோது வலி இருந்தது, வேதனை குறைந்தது. பத்து நாளில் எனக்குக் கிடைத்த பெரிய பாடம் இதுதான்.

இதை வீரமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். மரத்துப்போவதும் தசை வலியும் எழுந்து நடந்தால் போய்விடும். குத்துகிற மூட்டுவலி, எழுந்த பிறகும் நீடிக்கிற வலி வேறு வகை. அப்படியிருந்தால் காலை மாற்றுங்கள், முகாமை நடத்தும் உதவி ஆசிரியரிடம் சொல்லி நாற்காலி கேளுங்கள். மதியம் 12 மணியிலிருந்து ஒரு மணி நேரம் அவரைத் தனியாகப் பார்க்கலாம். வலி, தூக்கமின்மை, பயம், குழப்பம் எதுவானாலும் அன்றே போய்ச் சொல்லுங்கள். மௌனம் சக மாணவர்களோடுதான். ஆசிரியரிடமும், முகாம் வேலைகளைப் பார்க்கும் சேவகர்களிடமும் தேவையானதைப் பேசலாம்.

ஆறு, ஏழு நாளில் சிலருக்கு உடம்பெங்கும் மெல்லிய அதிர்வு ஓடும். ரொம்ப இதமாக இருக்கும். அடுத்த நாளும் அதைத் தேடி உட்கார்ந்தால் ஏமாற்றம்தான் மிஞ்சும். அதுவும் வந்து போகிற ஒன்றுதான். சிலருக்கு அது வரவே வராது, அதனால் அவர்கள் பயிற்சி தோற்றுவிட்டதாக அர்த்தமில்லை.

10. பாதியில் கிளம்பத் தோன்றினால்

தோன்றும். பலருக்கும் இரண்டாம் நாளும் ஆறாம் நாளும் கனமாக இருக்கும் என்று கோயங்காவே உரையில் சொல்கிறார். அந்த நேரத்தில் மனம் சொல்லும் காரணங்கள் நியாயமாகத்தான் ஒலிக்கும். முடிவை அடுத்த நாள் காலை வரை தள்ளிப்போட்டு, ஆசிரியரிடம் பேசுங்கள். பெரும்பாலும் அலை கடந்துவிடும்.

ஆனால் தொடர்ந்து தூக்கமே இல்லாமல் போவது, இல்லாத குரல் கேட்பது, அடக்க முடியாத பீதி, தன்னைக் காயப்படுத்திக்கொள்ளும் எண்ணம் ஆகியவை அலை அல்ல. தாங்கிப் பார்க்கலாம் என்று இருக்காமல் உடனே சொல்லி, பயிற்சியை நிறுத்தி, மருத்துவரிடம் போங்கள்.

11. பத்தாம் நாளும் வீட்டுக்கு வந்த பிறகும்

பத்தாம் நாள் காலையில் எல்லோருக்கும் நல்லது நினைக்கும் மைத்ரி தியானம் கற்றுத்தந்த பிறகு மௌனம் முடியும். எல்லோரும் ஒரே நேரத்தில் பேசுவார்கள், காது வலிக்கும். நன்கொடைக்கான மேசையும் அன்றுதான் இருக்கும். எவ்வளவு என்று யாரும் கேட்க மாட்டார்கள், பக்கத்தில் இருப்பவர் கொடுப்பதைப் பார்த்துக் கொடுக்கவும் வேண்டாம். கொடுக்க முடியாதவர்கள் பின்னொரு நாள் வந்து சேவை செய்யலாம், அதற்கும் அதே மதிப்பு.

பதினொன்றாம் நாள் காலை உரை, உணவு, அறையைச் சுத்தம் செய்வது எல்லாம் முடிந்துதான் கிளம்ப முடியும். திரும்பும் ரயிலை மதியத்துக்கு மேல் பதிவு செய்யுங்கள். போனைத் திறந்ததும் நூற்றுக்கணக்கில் செய்திகள் கொட்டும். வீட்டுக்குப் பேசிவிட்டு மற்றதை மாலைக்கு வையுங்கள். வேலையை விடுவது, உறவை முறிப்பது மாதிரியான பெரிய முடிவுகளை இரண்டு மூன்று வாரத்துக்கு எடுக்காதீர்கள்.

வீட்டில் காலை ஒரு மணி, மாலை ஒரு மணி உட்காரச் சொல்வார்கள். வேலைக்குப் போகிற, சமையலறையைப் பார்க்கிற ஒருவருக்கு இது எளிதல்ல. முழுசாக முடியாவிட்டால் காலை நேரத்தை மட்டுமாவது விடாமல் பிடியுங்கள். அதிலும் முதல் பத்து நிமிடம் ஆனாபானா. ஒரு பத்து நாள் முகாமை முடித்தவர்களுக்கு மையங்களில் ஒரு நாள் முகாம்களும் பல ஊர்களில் வாராந்திரக் கூட்டுத் தியானமும் நடக்கின்றன. கிளம்பும் முன்பே உங்கள் பகுதியில் எங்கே, எந்தக் கிழமை என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். பேனா அலுவலகத்தில் கிடைக்கும்.